இன்ஜின் ஏன் தட்டுகிறது?

எழுதியது: 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, திருவண்ணாமலை



இந்த இதழில் அறிவியல் பக்கம் எங்கள் பிரிவின் முறை. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, நாம் தினமும் காதால் கேட்டும் கவனிக்காமல் விடுகிற ஒரு சத்தம்.

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் பைக்கில் போனவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். வண்டியில் மூன்று பேர், மடியில் ஒரு பை, வண்டி டாப் கியரில், ஏற்றம். அப்போது இன்ஜினுக்குள் இருந்து 'டிங் டிங் டிங்' என்று வரும். தகர டப்பாவில் சில்லறைக் காசு போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். மெக்கானிக்குகள் இதை 'இன்ஜின் அடிக்குது' என்பார்கள், 'நாக்கிங்' என்றும் சொல்வார்கள். நான் இதில் 'தட்டல்' என்று எழுதுகிறேன்.

இது எதனால் வருகிறது? வந்தால் என்ன ஆகும்? எப்படித் தடுப்பது? எங்கள் தாய்மாமா பைக் மெக்கானிக். அவரிடம் கேட்டதையும், புத்தகத்தில் படித்ததையும், கணக்குப் போட்டுப் பார்த்ததையும் சேர்த்து எழுதி இருக்கிறேன்.

இன்ஜினின் நான்கு வேலைகள்

பைக் இன்ஜினுக்குள் சிலிண்டர் என்ற உருளை இருக்கிறது. பட்டறையில் அதைப் 'போர்' என்பார்கள். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். சிலிண்டரின் மேல் மூடிதான் ஹெட். குக்கருக்கு மூடி எப்படியோ அப்படித்தான் சிலிண்டருக்கு ஹெட். குக்கர் மூடியில் ரப்பர் இருப்பது போல ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கட் இருக்கும்.

பிஸ்டன் செய்யும் வேலைகள் நான்கு:

1. இழு: பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே வரும்.
2. அமுக்கு: பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை ஒரு சின்ன இடத்துக்குள் அமுக்கும். இதுதான் கம்ப்ரஷன்.
3. எரி: பிளக்கில் பொறி வரும். கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்.
4. வெளியே தள்ளு: புகை சைலன்சர் வழியாகப் போகும்.

நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் இன்ஜினில் ஒரு வேலைக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான்! நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் நான்கு வேலையும் பலமுறை முடிந்துவிடும்.

1876-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் இந்த நான்கு வேலை இன்ஜினை ஓட்டிக் காட்டினார். இன்றைக்கு நம் தெருவில் போகும் பைக்கும் அதே வரிசையில்தான் ஓடுகிறது.

அமுக்கத்தை அளப்பது எப்படி?

நம் தமிழ்நாட்டில் செய்யப்படும் புல்லட் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற கம்பெனியும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்தில் இருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்டது, ஆனால் நம் ஊர் புல்லட் நிற்கவில்லை.

பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கணக்கு நோட்டை எடுங்கள். உருளையின் கன அளவு = பை × ஆரம் × ஆரம் × உயரம்.

22/7 × 3.5 × 3.5 × 9 = 346.5 கன செ.மீ.

இதனால்தான் அதை 346 சி.சி. என்கிறார்கள். 'சி.சி.' என்றால் கன சென்டிமீட்டர். நம் கணக்குப் பாடத்தில் வரும் உருளைதான் அது!

பிஸ்டன் உச்சிக்குப் போனாலும் ஹெட்டுக்குள் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அது ஏறக்குறைய 55.4 கன செ.மீ. மொத்த இடம் 346.5 + 55.4 = 401.9. இந்த 401.9-ஐ 55.4-ஆல் வகுத்தால் 7.25 வரும். அதாவது 7.25 பங்கு இடத்தில் இருந்த கலவை 1 பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகிறது. இதைத்தான் அமுக்க விகிதம் என்பார்கள்.

அமுக்க அமுக்க என்ன லாபம்? நன்றாக அமுக்கிய கலவை எரிந்தால் விரிவதற்கு அதிக தூரம் கிடைக்கும். அதே பெட்ரோலில் அதிக வேலை கிடைக்கும். மைலேஜும் இழுவையும் கூடும்.

அப்படியானால் 20 பங்கு, 30 பங்கு என்று அமுக்கிக்கொண்டே போகலாமே? இங்கேதான் சிக்கல்!

செய்து பார்: சைக்கிள் பம்ப்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு இருபது முறை வேகமாக அடியுங்கள். பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். உரசலால் வரும் சூடும் கொஞ்சம் உண்டு. ஆனால் காற்று அமுங்கும் அடிப்பகுதியில்தான் சூடு அதிகம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். இதுதான் இயற்கையின் விதி.

பழைய புல்லட்டில் பொறி வருவதற்கு முன்பே, வெறும் அமுக்கத்தால் மட்டும் கலவை ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடாகிவிடும். இன்னும் அதிகமாக அமுக்கினால் இன்னும் சூடு. ஒரு கட்டத்துக்கு மேல் பிளக் பொறியே வேண்டாம், கலவை தானாகவே பற்றிக்கொள்ளும்.

தீ கிரிவலம் போகிறது

பெட்ரோல் 'வெடிக்கிறது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் நல்ல இன்ஜினில் அது வெடிப்பதில்லை. பிளக் இருக்கும் இடத்தில் தீ தொடங்கி, வரிசையாகப் பரவிக்கொண்டே அடுத்த ஓரத்துக்குப் போய்ச் சேருகிறது. வேகம் நொடிக்குச் சில பத்து மீட்டர்.

நம் ஊர் கிரிவலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டர் பாதை. தீபத்தன்று லட்சக்கணக்கான பேர். எல்லோரும் ஒரே பக்கமாக நடக்கிற வரைக்கும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டுகூட நிம்மதியாகப் போகலாம். ஆனால் பாதையின் முனையில் ஒரு குறுகலான இடத்தில் கூட்டம் மாட்டிக்கொண்டது, பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள் என்றால்? மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திமிறுவார்கள். அது நடை இல்லை, தள்ளுமுள்ளு.

சிலிண்டருக்குள்ளும் இதேதான். பிளக்கில் தொடங்கிய தீ முன்னே வர வர, இன்னும் எரியாத கலவையை ஓரத்துக்குத் தள்ளி நெருக்கும். ஏற்கெனவே பிஸ்டன் அமுக்கிய கலவையைத் தீயும் அமுக்குகிறது. ஓரத்தில் மாட்டிக்கொண்ட கலவை தாங்க முடியாமல், தீ வந்து சேருவதற்கு முன்பே மொத்தமாகத் தானே பற்றிக்கொள்ளும். அதனால் எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி, திரும்பி, நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிரும். அந்த அதிர்வுதான் நம் காதில் 'டிங் டிங்' என்று கேட்கிறது.

ஏற்றத்தில் டாப் கியரில் போகும்போது ஏன் அதிகம் தட்டுகிறது என்பதும் இப்போது புரியும். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்குவதால் கலவை நிறைய உள்ளே வருகிறது. ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் ஓரத்துக் கலவை சூட்டில் நிற்கும் நேரம் அதிகம். தானாகப் பற்ற அதற்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது.

தட்டினால் என்ன கெடும்?

எரியும்போது சிலிண்டருக்குள் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்த அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகும். மற்ற உலோகம் கலந்தது இன்னும் குறைந்த சூட்டில் இளகும். அப்படியானால் எல்லா பிஸ்டனும் ஏன் உருகவில்லை?

திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிற்காமல் நடப்பதால் கால் ஒவ்வொரு அடியிலும் தணலைத் தொடும் நேரம் கொஞ்சம்தான். இன்ஜினிலும் தீ ஒவ்வொரு முறையும் ஒரு நொடியின் சிறு பகுதிதான் இருக்கும். அதோடு உலோகத்தை ஒட்டி மெல்லிய வாயு அடுக்கு ஒன்று அசையாமல் இருக்கும். அது போர்வை போலச் சூட்டைத் தடுக்கும். தட்டலின் அதிர்வு அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. சூடு நேராக உலோகத்துக்குள் ஏறுகிறது. உலோகம் சூடானால் கலவை இன்னும் சீக்கிரம் பற்றும், அதனால் இன்னும் தட்டல், இன்னும் சூடு. இது ஒரு சுழல்.

தோசைக்கல்லும் அலுமினியக் குண்டானும்

இந்தச் சுழலை நிறுத்தும் முக்கியமான ஆள் ஹெட். உள்ளே பிறக்கும் சூட்டை வாங்கி வெளியே காற்றுக்குக் கொடுக்க வேண்டிய வேலை அதற்கு. ஆகவே ஹெட் எந்த உலோகத்தில் செய்தது என்பது ரொம்ப முக்கியம்.

இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் இருந்து இறக்கி வைத்தாலும் வெகுநேரம் சுடும். அலுமினியக் குண்டான் சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். வார்ப்பிரும்பைவிட ஹெட் செய்யும் அலுமினியக் கலவை ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எடையிலும் இரும்பில் பாதிக்கும் குறைவு. எனவே ஒரே அளவுள்ள இன்ஜினில், இரும்பு ஹெட்டைவிட அலுமினிய ஹெட் வைத்தால் தட்டல் வராமல் கொஞ்சம் அதிகமாக அமுக்கலாம்.

பழைய புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் மட்டும் அலுமினியம். பின்னால் வந்த புல்லட்டுகளில் சிலிண்டரின் வெளிப்பகுதியும் அலுமினியத்துக்கு மாறியது. பிஸ்டன் உரசும் உள்சுவர் மட்டும் இரும்பு.

ஆனால் அலுமினியத்துக்குக் குறைகளும் உண்டு:

* சூடானால் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும்.
* 200 டிகிரியைத் தாண்டினால் அதன் பலம் குறையத் தொடங்கும்.
* மிருதுவானது. அதனால் வால்வு வந்து மோதும் இடத்தில் கடினமான உலோக வளையம் பதிப்பார்கள். பிளக்கை முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும்.

செய்து பார்: ஓர் இரும்புக் கரண்டி, ஓர் அலுமினியக் கரண்டி. இரண்டின் காம்பு முனையிலும் கொஞ்சம் மெழுகு ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வெந்நீரில் நிறுத்துங்கள். எந்த மெழுகு முதலில் இளகி விழுகிறது? (பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யவும். இரண்டு கரண்டியும் ஒரே நீளம், ஒரே தடிமன் இருப்பது நல்லது.)

ஒரு பால்காரரின் பிஸ்டன்

இது மாமா வேலை செய்யும் பட்டறைக்கு வந்த வண்டி. பால் ஊற்றுபவர் ஒருவருடையது. இரண்டு பக்கமும் 40 லிட்டர் கேன். விடியற்காலையில் நான்கு ஊரில் பால் எடுத்து, மணி ஆறரைக்குள் சேர்க்க வேண்டும். பால் யாருக்காகவும் காத்திருக்காது, திரிந்துவிடும்.

அந்த வண்டி வந்தபோது பிஸ்டனின் ஓரம் எலி கரண்டின மாதிரி அரிக்கப்பட்டு இருந்தது. நடுவில் சுண்டு விரல் போகிற அளவு ஓட்டை. மாமா அதை என் கையில் கொடுத்தார். அலுமினியம் மெழுகு போல வழிந்து உறைந்து இருந்ததைப் பார்த்தேன்.

எப்படி நடந்தது என்று மாமா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஹெட்டைச் சுற்றி இருக்கும் பின்களில் (காற்று படுவதற்காக இருக்கும் மெல்லிய இதழ்கள்) சேறும் வைக்கோலும் அப்பி இருந்தது. சூடு வெளியே போக வழியில்லை. ஹெட் வளைந்து கேஸ்கட் போனது. எங்கேயோ கொடுத்து ஹெட்டை லேத்தில் மட்டம் தட்டினார்கள். மறுபடியும் போனது, மறுபடியும் மட்டம் தட்டினார்கள். ஒவ்வொரு முறை சீவும்போதும் ஹெட்டுக்குள் இருக்கும் இடம் குறையும், அமுக்கம் கூடும். இதற்கு மேல், விலை குறைவு என்று பாட்டிலில் விற்ற பெட்ரோல். அதில் மண்ணெண்ணெய் வாசனை வந்தது என்று அவரே சொன்னார்.

"சத்தம் வந்துதாண்ணே?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு வாரமா டிங் டிங்னு வந்துச்சு தம்பி. வண்டி ஓடிட்டுதான இருக்குதுன்னு உட்டுட்டேன்" என்றார் அவர்.

பட்டறையில் நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவர் மகன் பள்ளிக்குப் போகாமல் சைக்கிளில் கேன் கட்டி இரண்டு ஊர்ப் பாலை மட்டும் எடுத்தான். மற்ற இரண்டு ஊர்க்காரர்கள் வேறு ஆளுக்கு ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சத்தத்தைக் கவனிக்காததன் விலை இவ்வளவு.

மட்டம் தட்டுவதால் எவ்வளவு மாறும் என்று புல்லட் கணக்கிலேயே பார்ப்போம். 70 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. உயரம் குறைந்தால் 22/7 × 3.5 × 3.5 × 0.1 = 3.85 கன செ.மீ. குறையும். 55.4-இல் 3.85 போனால் ஏறக்குறைய 51.6. இப்போது விகிதம் 398.1 ÷ 51.6 = 7.7. அதாவது 7.25 இருந்தது 7.7 ஆகிவிட்டது. ஒரு மில்லிமீட்டருக்கே இப்படி என்றால் இரண்டு முறை சீவினால்?

பெட்ரோலுக்கும் பொறுமை உண்டு

எல்லா எரிபொருளும் ஒரே மாதிரி இல்லை. சில சீக்கிரம் தானாகப் பற்றும், சில பொறுமையாகப் பொறிக்குக் காத்திருக்கும். அந்தப் பொறுமைக்குப் பெயர் ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 மார்க், ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 மார்க். ஒரு பெட்ரோலுக்கு 91 என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்ததைப் போல அது தாங்கும் என்று பொருள். இதை அளக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு இந்த மார்க் மிகக் குறைவு. அதனால்தான் அது கலந்தால் வண்டி அடிக்கிறது.

சத்தத்தை அடக்கிய விஷம்

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் மனதில் பதிந்தது.

1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் உள்ள ஒரு திரவத்தைப் பெட்ரோலில் துளி அளவு கலந்தால் தட்டல் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். 1923-ல் விற்பனைக்கு வந்தது. 1924-ல் அந்தத் திரவத்தைத் தயாரித்த இடங்களில் தொழிலாளர்கள் ஈய விஷத்தால் இறந்தார்கள். ஈயம் விஷம் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். சாராயச் சத்தான எத்தனாலைக் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பதும் அதே ஆய்வகத்துக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் ஈயம் மலிவு, துளி போதும், அதற்குக் காப்புரிமையும் வாங்க முடியும். உலகம் முழுக்க ஈயப் பெட்ரோல் பரவியது.

இன்ஜின் சத்தம் போடவில்லை. ஆனால் ஈயம் புகையில் கலந்து, தெருவில் படிந்து, மூச்சிலும் கையிலும் ஒட்டியது. அதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. யாரோ ஒருவர் இன்ஜின் அமைதியாக ஓடியதற்கு, சாலை ஓரத்துப் பிள்ளைகள் தங்கள் மூளையைக் கொடுத்தார்கள்!

இந்தியா முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஆரம்பித்து முடிக்க ஏறக்குறைய நூறு வருஷம்!

இன்றைக்கு, அன்றே தெரிந்திருந்த அந்த எத்தனாலைத்தான் நம் நாட்டில் கலக்கிறார்கள். கரும்பாலைப் பாகு, அரிசி, மக்காச்சோளம் இவற்றில் இருந்து அதைச் செய்கிறார்கள். 2025-ல் இந்தியா 20 விழுக்காடு கலக்கும் அளவை எட்டியது. தட்டலைத் தாங்குவதில் எத்தனால் நல்ல மார்க் வாங்கும். ஆனால் அதற்கென்று செய்யாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், வாஷர் போன்றவற்றை அது கெடுக்கலாம், மைலேஜும் கொஞ்சம் குறையும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவற்றை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரியான வழி எது?

சத்தத்தை மறைப்பது ஒரு வழி. சத்தத்துக்குக் காரணமான சூட்டைக் குறைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் புல்லட்டிலேயே படிப்படியாக முன்னேறி இருக்கிறார்கள். பழைய 350-க்கு அமுக்க விகிதம் 7.25. 2008-க்குப் பிறகு வந்த 350-களில் 8.5. 2020-ல் வந்த மீட்டியார் 350 முதலான புதிய இன்ஜினில் 9.5. எப்படி முடிந்தது? பெட்ரோலின் தரம் உயர்ந்தது. சூடு சீக்கிரம் வெளியேறியது. பொறி வரும் நேரத்தை மின்னணுக் கருவி கவனித்தது. 8.5 வந்த 350-களில் இரண்டு பிளக் வைத்தார்கள். இரண்டு பக்கமும் தீ தொடங்கினால் அது நடக்க வேண்டிய தூரம் குறையும், ஓரத்துக் கலவை காத்திருக்கும் நேரமும் குறையும். எவ்வளவு எளிமையான யோசனை!

உங்களுக்குத் தெரியுமா? பல கார்களின் இன்ஜினில் 'காது' இருக்கிறது. தட்டல் அதிர்வை உணரும் ஒரு சின்ன உணரியை இன்ஜினில் பொருத்தி இருப்பார்கள். தட்டல் தொடங்கினால் உடனே அது கணினிக்குச் சொல்லும், கணினி பொறியைக் கொஞ்சம் தாமதமாக்கும்.

ஆயில் இன்ஜின் மட்டும் ஏன் வேறு?

'தானாகப் பற்றுவது கெடுதல் என்றால் டீசல் இன்ஜின் எப்படி ஓடுகிறது? அதில் பிளக்கே இல்லையே?' என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி!

கரண்டு மோட்டார் வருவதற்கு முன்பு நம் பக்கத்துக் கிணறுகளில் 'டுப் டுப்' என்று ஓடிய ஆயில் இன்ஜினைத் தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள். அது ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய முறையில் வந்தது. அதில் வெறும் காற்றை மட்டும் 16, 18 பங்கு என்று அமுக்குவார்கள். காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அப்போது டீசலைத் தூறல் போலப் பீச்சினால் தானாகவே எரியும். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் முன்பே உள்ளே காத்திருக்கிறது, டீசலில் வேண்டிய நேரத்தில்தான் உள்ளே வருகிறது. அதுதான் வித்தியாசம். அந்த அமுக்கத்தைத் தாங்கத்தான் ஆயில் இன்ஜினை அவ்வளவு கனமான வார்ப்பிரும்பில் செய்தார்கள். ஒன்றில் நோயாக இருப்பது இன்னொன்றில் உயிராக இருக்கிறது.

தட்டல் வராமல் இருக்க

1. ஏற்றத்தில் வண்டி திணறினால் ஆக்சிலேட்டரை முறுக்காமல் கியரைக் குறைக்கவும். இதற்குக் காசு செலவே இல்லை!
2. ஹெட், சிலிண்டர் பின்களில் சேறு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வைக்கவும். இன்ஜின் ஆறிய பிறகே கழுவவும்.
3. பாட்டில் பெட்ரோல் வாங்க வேண்டாம்.
4. அந்த வண்டிக்குச் சொன்ன பிளக்கையே போடவும்.
5. பழைய வண்டியில் பொறி வரும் நேரத்தை (டைமிங்) சரி பார்க்கச் சொல்லவும். பொறி சீக்கிரம் வந்தால் தட்டும். புல்லட்டில் என்றால் கிக்கர் திருப்பி அடித்துக் காலையும் பதம் பார்க்கும்.
6. ஹெட்டுக்குள் கரி படிந்தால் சுரண்டி எடுக்கச் சொல்லவும். கரி இடத்தையும் அடைக்கும், தணல் போலச் சிவந்து பொறிக்கு முன்பே தீயும் வைக்கும்.
7. ஹெட்டை மட்டம் தட்டினால் எவ்வளவு சீவினார்கள் என்று கேட்டு எழுதி வைக்கவும். அடுத்த முறை மெக்கானிக்குக்கு உதவும்.

மாமா அடிக்கடி சொல்வார்: "வண்டிக்கு வாய் கிடையாது பாப்பா. சத்தம்தான் அதுக்குப் பேச்சு. பேசறப்பவே கேட்டுக்கணும்."

உங்கள் வீட்டு வண்டியில் இந்தச் சத்தம் வந்தால் அப்பாவிடமோ அண்ணனிடமோ உடனே சொல்லுங்கள். 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டால், மேலே உள்ள கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

யோசித்துப் பார்: ஒரு சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் போகும் தூரம் 50 மி.மீ., அமுக்க விகிதம் 9. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிச்சம் இருக்கும் இடம் எவ்வளவு? விடையைத் தாளில் எழுதி வகுப்புத் தலைவியிடம் கொடுக்கவும். சரியாகச் செய்தவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.